லேக் ம்புரோவில் ஒரே இரவு: 24 மணி நேரச் சீட்டை எப்படிப் பிரிப்பது?

வாலாட்டி

ஜூலையில் உகாண்டா பயணம். ப்விண்டியில் கொரில்லா அனுமதி கிடைத்துவிட்டது. கம்பாலாவிலிருந்து போகும் வழியில் லேக் ம்புரோ தேசியப் பூங்காவில் ஒரு இரவு தங்கலாமா என்று யோசனை. நான்கு பேர் போகிறோம். இருவருக்குப் பறவை, இருவருக்கு விலங்கு. அங்கே யானை கிடையாது, சிங்கத்தை நம்ப முடியாது என்று தெரிந்ததும் விலங்குக் கட்சி பின்வாங்குகிறது. அந்த இரவைக் குயின் எலிசபெத் பூங்காவுக்குக் கொடுத்துவிடலாமா? தங்குவதென்றால் நேரத்தை எப்படிப் பிரிப்பது?

ஈப்பிடிப்பான்

குயின் எலிசபெத்துக்கே போங்க. யானை, சிங்கம், கசிங்கா கால்வாயில படகு, எல்லாம் ஒரே இடத்துல. ம்புரோல இம்பாலா மானையும் வரிக்குதிரையையும் பார்க்க ஒரு ராத்திரி எதுக்கு?

கூழைக்கடா

ஈப்பிடிப்பான் சொன்ன அந்த இரண்டுமே குயின் எலிசபெத்தில் இல்லை. ஒட்டகச்சிவிங்கியும் இல்லை. உகாண்டாவில் வரிக்குதிரை பார்க்க வேண்டுமானால் ம்புரோ, இல்லாவிட்டால் வடகிழக்கு மூலையில் இருக்கும் கிடெப்போ பக்கம் போக வேண்டும். இம்பாலா கூட்டங்களுக்கு ம்புரோவை விட்டால் சொல்லிக்கொள்ளும்படியான இடம் கிடையாது. எலாண்ட் என்ற பெரிய மானினமும் இங்கே உண்டு. மாடு கனத்துக்கு இருந்தாலும் ஆள் அரவம் கேட்டதும் அரை கிலோமீட்டருக்கு அப்பால் போய்த்தான் நிற்கும். ஒட்டகச்சிவிங்கி 2015-இல் மர்ச்சிசன் ஃபால்ஸிலிருந்து கொண்டுவந்து விட்டது, மொத்தம் 15. யானை இல்லாததாலும் பழைய காட்டுத்தீ வழக்கம் நின்றதாலும் வேல மரம் புல்வெளியை விழுங்கிக்கொண்டு வந்தது. அதை மேய ஆள் வேண்டியிருந்ததும் அந்த இடமாற்றத்துக்கு ஒரு காரணம்.

யானையும் சிங்கக் கூட்டமும் இல்லாததால் கிடைக்கும் லாபம் ஒன்று உண்டு. இங்கே இறங்கி நடக்கலாம். துப்பாக்கி ஏந்திய வனக்காவலரோடு இரண்டு மூன்று மணி நேரம், வரிக்குதிரைக் கூட்டத்துக்கு நூறு மீட்டர் தள்ளி. குதிரை மேல் போகவும் ஏற்பாடு இருக்கிறது. குயின் எலிசபெத் புல்வெளியில் வண்டியை விட்டு இறங்கவே விடமாட்டார்கள்.

பரப்பளவு சில ஆவணங்களில் 260 சதுர கி.மீ., சிலவற்றில் 370. எப்படிப் பார்த்தாலும் சின்னப் பூங்காதான். 1983-இல் தேசியப் பூங்கா ஆனபோது இதைவிடப் பெரியது. உள்ளே மாடு மேய்த்து வாழ்ந்த பாஹிமா மக்களை அப்போது வெளியேற்றினார்கள். 1985-இல் ஆட்சி மாறியதும் பலர் திரும்பி வந்தார்கள். பிறகு பெரும் பகுதியை மக்களுக்கே விட்டுக்கொடுத்து எல்லையைச் சுருக்கினார்கள். இன்றும் எல்லையோரப் பண்ணைகளில் நீண்ட கொம்பு அன்கோலே மாடுகளோடு இம்பாலாவும் வரிக்குதிரையும் கலந்து மேய்வது அந்த வரலாற்றின் மிச்சம். நுழைவுக் கட்டணத்தில் 20 சதவீதம் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போகிறது.

தையல்சிட்டு

விலங்குக் கட்சிக்கு நான் ஒன்று சேர்க்கிறேன்: இரவுச் சவாரி. சிறுத்தை வேண்டுமென்றால் பகலில் மூன்று சவாரி போவதைவிட இங்கே ஒரு இரவுச் சவாரிக்கு வாய்ப்பு அதிகம். புனுகுப்பூனை, அதன் உறவான ஜெனெட், குட்டிக் குரங்கு மாதிரி இருக்கும் புஷ்பேபி, புள்ளிக் கழுதைப்புலி எல்லாம் அந்த நேரத்து ஆட்கள். பூங்கா காவலர் ஒருவர் விளக்கோடு கூடவே வர வேண்டும், அது கட்டாயம். பூங்காவுக்குள் இருக்கும் ர்வோன்யோ முகாம் அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லிவைத்தால்தான் ஆள் ஒதுக்குவார்கள். இருட்டிய பிறகு போய்க் கேட்டால் விளக்கு வேறு வண்டியில் போயிருக்கும்.

வாலாட்டி

சரி, குயின் எலிசபெத் வாதம் கைவிடப்பட்டது. இப்போது 24 மணி நேர விஷயம்.

கூழைக்கடா

சீட்டு நாள் கணக்கு அல்ல, மணிக் கணக்கு. வாயிலில் பதிவான நேரத்திலிருந்து 24 மணி. வெளிநாட்டவருக்கு ஆளுக்கு 40 டாலர் அளவில், வண்டிக்குத் தனி. கட்டணப் பட்டியலை அவ்வப்போது மாற்றுவார்கள், ஆகவே கிளம்பும் முன் உகாண்டா வனவுயிர் ஆணையத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வாயிலில் ரொக்கத்தை நம்பிப் போகாதீர்கள். அட்டை அல்லது மொபைல் பணம். அட்டை இயந்திரம் சிக்னல் இல்லாமல் சுற்றிக்கொண்டே இருப்பதும் நடக்கும், எனவே ஓட்டுநரின் மொபைல் பணக் கணக்கில் முன்கூட்டியே தொகை ஏற்றி வைப்பது நல்லது.

கம்பாலாவில் காலை 6-க்குக் கிளம்பினால், மசாகா தாண்டி லியான்டோண்டே வரும்போது 11 மணி ஆகிவிடும். அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள். லியான்டோண்டேவிலிருந்து இன்னும் 20 கி.மீ. போனால் இடப்பக்கம் மண்சாலை பிரியும். அதிலிருந்து ன்ஷாரா வாயில் சுமார் 8 கி.மீ. பெரும்பாலோர் இந்த 8 கிலோமீட்டரைப் புழுதி கிளப்பிப் பத்து நிமிடத்தில் கடந்துபோய் வாயிலில் சீட்டு வாங்குகிறார்கள். அங்கேதான் தப்பு நடக்கிறது. அந்தச் சாலையே நல்ல பறவை இடம், அதற்குக் கட்டணமும் கிடையாது, கடிகாரமும் ஓடாது. இரண்டு மணி நேரம் அங்கே செலவழித்துவிட்டு மதியம் 2:30-க்கு வாயிலைத் தொடுங்கள். மறுநாள் 2:30 வரை உங்கள் நேரம்.

ஈப்பிடிப்பான்

நண்பகல் 12-லேர்ந்து 2:30 வரைக்கும் வெயில்ல என்ன பறவை வரும்?

கூழைக்கடா

பூமத்திய ரேகைப் பக்கம் என்றாலும் ம்புரோ கடல் மட்டத்துக்கு 1,220 மீட்டர் மேலே. நம்மூர் மே மாத வெயிலை நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்தச் சாலையில் முதலில் தேட வேண்டியது செம்முகக் குக்குறுவான், ரெட்-ஃபேஸ்டு பார்பெட். தென்மேற்கு உகாண்டா, ருவாண்டா, புருண்டி, வடமேற்குத் தான்சானியா தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. உடல் கறுப்பு, முகம் மட்டும் சிவப்பு. அடர்ந்த காட்டில் தேடாதீர்கள். மேய்ச்சல் நிலத்தில் தனித்து நிற்கும் அத்தி மரம், பட்டுப்போன கிளை, அவைதான் அதன் இடம். பழம் இருக்கும் அத்தியைக் கண்டால் வண்டியை அணைத்துவிட்டுக் கால் மணி நேரம் உட்காருங்கள். குக்குறுவான் ஒரே கிளையில் அசையாமல் இருக்கும் பறவை, ஓடும் வண்டியிலிருந்து கண்ணில் படாது.

அதே சாலையில் வெறுமுகக் கோ-அவே பறவை, பச்சை மரக்கொண்டலாத்தி, பிரவுன் கிளி, லைலாக் பனங்காடை எல்லாம் எளிது. ஜூலையில் போவதால் வெட்டையாகக் கிடக்கும் குட்டைப்புல் திட்டுகளில் பழுப்புமார்பு ஆள்காட்டியையும் பாருங்கள். ஆப்பிரிக்காவுக்குள்ளேயே வலசை வரும் பறவை, ஆண்டின் இரண்டாம் பாதியில்தான் உகாண்டாப் பக்கம் தலைகாட்டும். ஐரோப்பிய வலசைப் பறவைகள் மட்டும் இருக்காது. அவற்றுக்கு நவம்பர் முதல் மார்ச் வரை போக வேண்டும்.

முக்குளிப்பான்

நேரப் பிரிப்பு பற்றி ஒரு மாற்றுக் கருத்து. பெரும்பாலான பயண நிறுவனங்கள் முதல் நாள் மாலை படகு, மறுநாள் காலை நடை என்றுதான் போடுகின்றன. பறவை முக்கியமென்றால் அதைத் தலைகீழாக்குங்கள். முதல் நாள் 4 மணிக்கு நடை, மறுநாள் காலையின் முதல் படகு.

காரணம் காற்று. மதியத்துக்கு மேல் ஏரியில் சிற்றலை எழும்பிவிடும்; படகும் ஆடும், கரையோர நிழலில் நிற்கும் பறவையும் உள்ளே ஒதுங்கும். காலை 8 மணிக்கு நீர் கண்ணாடி மாதிரி இருக்கும். இன்னொன்று, முதல் படகுக்கு முன்னால் வேறு படகு அந்தக் கரையைக் கலைத்திருக்காது.

இந்த ஏரிக்கு மெனக்கெட்டுப் பறவை ஆர்வலர்கள் வருவதே ஆப்பிரிக்க ஃபின்ஃபுட்டுக்காக. ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் உண்டு, ஆனால் இவ்வளவு நம்பிக்கையோடு பார்க்கக்கூடிய இடங்கள் குறைவு. மரக்கிளை தாழ்ந்து நீரைத் தொடும் இடத்தில், இலைக்கும் தண்ணீருக்கும் நடுவே அரை அடி உயரத்துக்கு ஒரு இருட்டு இருக்கும். அதற்குள்தான் நீந்தும். உடம்பு நீர்க்காகம் மாதிரி பாதி அமிழ்ந்திருக்கும், ஒவ்வொரு உதைப்புக்கும் தலை முன்னும் பின்னும் போய்வரும், அகன்ற விறைப்பான வால் நீர் மேல் படிந்திருக்கும். கண்ணிலிருந்து கழுத்தோரமாக ஒரு வெள்ளைக் கோடு இறங்கும். அலகு ஆரஞ்சுச் சிவப்பு. கிளையிலோ கல்லிலோ ஏறினால்தான் அதே நிறத்தில் கால் தெரியும், அதைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். கலைந்தால் மேலெழும்பிப் பறப்பது அபூர்வம். நீரைக் காலால் அடித்துக்கொண்டே ஓடிப் புதருக்குள் மறையும்.

தவறுவது எங்கே என்றால், பொதுப் படகில். இருபது பேர் ஏறினால் பதினெட்டுப் பேருக்கு நீர்யானை வேண்டும், முதலை வேண்டும். படகோட்டி நேரே நீர்யானைக் கூட்டத்துக்குப் போய்விடுவார். நீங்கள் நான்கு பேர் என்பதால் தனிப்படகு கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் புறப்படும் முன்பே சொல்லிவிட வேண்டும்: முதலில் கரையோரம், இன்ஜின் குறைவில், கிளை தாழ்ந்த இடம் வந்ததும் அணைத்துவிட்டு மிதக்க விடுங்கள் என்று. ஃபின்ஃபுட் என்ற சொல்லே போதும், அங்குள்ள படகோட்டிகளுக்கு ஒவ்வொரு வளைவும் தெரியும். நீர்யானையைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம், அது எங்கும் போய்விடாது.

அதே கிளைகளில் இன்னும் உள்ளே, தண்டோடு தண்டாக வெண்முதுகு வக்கா பகலில் உறங்கும். நீந்தும் பறவையையே தேடும் கண்ணுக்கு அது தப்பிவிடும். நால்வரில் ஒருவர் நீர்மட்டத்தையும் ஒருவர் ஒரு ஆள் உயரத்தையும் பார்த்துக்கொண்டே வாருங்கள்.

தையல்சிட்டு

முக்குளிப்பான் சொல்வதோடு உடன்பாடு, ஒரு விஷயம் தவிர. மாலை நடையில் கழுதைப்புலி கிடைக்காது. விடிகாலையில் குகைக்குத் திரும்பும் கழுதைப்புலியை நடந்து போய்ப் பார்ப்பதுதான் ம்புரோ நடையின் தனிச்சிறப்பே. விலங்குக் கட்சியை அதற்கு அனுப்பலாம். 7 மணிக்கு அவர்கள் நடை, 8 மணிக்கு நீங்கள் படகு. 10 மணிக்கு ர்வோன்யோவில் சேர்ந்துகொள்ளுங்கள்.

வாலாட்டி

இது நல்ல யோசனை அக்கா, வண்டி ஒன்றுதானே?

தையல்சிட்டு

படகுத்துறை ர்வோன்யோ முகாமிலிருந்து ஒரு கிலோமீட்டர்தான். உள்ளே தங்கினால் வண்டி உங்களை இறக்கிவிட்டு அவர்களோடு போகட்டும். ஆனால் அந்த ஒரு கிலோமீட்டரைக் காவலர் இல்லாமல் நடக்காதீர்கள், எருமை படுத்திருக்கும். இத்தனைக்கும் அந்தச் சாலையோரமே பறவைக்கு நல்ல இடம். காவலரைக் கேட்டுக்கொண்டு போனால் பொன்.

முகாமில் இரவு நீர்யானை புல் மேய வரும். டார்ச் இல்லாமல் கழிப்பறைக்குப் போகக்கூடாது. நீர்யானைக்கும் ஏரிக்கும் நடுவில் நிற்கக்கூடாது, அதன் தப்பும் வழியை மறித்தால் பாயும். கூடாரத்துக்குள் பழம் வைக்காதீர்கள், வெர்வெட் குரங்கு ஜிப்பைத் திறக்கும்.

ஈப்பிடிப்பான்

செட்சி ஈயை யாரும் சொல்லலையே. வேலங்காட்டுக்குள்ள போற தடங்கள்ல உயிரை வாங்கும்.

கூழைக்கடா

அவசியமான நினைவூட்டல். செட்சி ஈ அசையும் பெரிய உருவத்தைத் தேடி வரும், ஆகவே ஓடும் வண்டியைத்தான் துரத்தும். அடர்ந்த புதர்ப்பகுதியில் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டுங்கள். வெட்டவெளிக்கு வந்து நின்றபின் இறக்குங்கள். நீலமும் கறுப்பும் அதற்குப் பிடித்த நிறங்கள். அதைப் பிடிக்கும் பொறித் துணிகளையே அந்த நிறங்களில்தான் தைக்கிறார்கள். ஜீன்ஸ் வேண்டாம். காக்கி, மங்கிய பச்சை, மண் நிறம். மெல்லிய பனியன் துணியைத் துளைத்துக் கடிக்கும், எனவே நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டை. கொசுவுக்குத் தடவும் களிம்பு இதற்கு அவ்வளவாக வேலை செய்யாது. ஆனால் மாலைக்கு மேல் கொசுவுக்காக அதையும் தடவ வேண்டும், மலேரியா உள்ள இடம். தடுப்பு மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்; டாக்ஸிசைக்ளின் என்றால் திரும்பி வந்தும் நான்கு வாரம் தொடர வேண்டும், அட்டோவாகுவோன்-புரோகுவானில் என்றால் ஒரு வாரம். ஊர் வந்து சேர்ந்ததும் நிறுத்திவிடுவதுதான் பலர் செய்யும் தவறு.

ஏரியில் இறங்கிக் கால் நனைக்கவும் வேண்டாம். முதலை ஒருபக்கம், நத்தை வழியாகப் பரவும் பில்ஹார்சியா புழு நோய் மறுபக்கம்.

புள்ளி ஆந்தை

சென்னையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். குப்பியைத் திறந்தால் சில மணி நேரத்துக்குள் பல பேருக்குப் போட்டு முடிக்க வேண்டிய மருந்து, அதனால் குறிப்பிட்ட நாள்களில் முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும். ஜூலைப் பயணத்துக்கு மே மாதமே பதிவு செய்துவிடுங்கள். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், அதன் பிறகு ஆயுள் முழுக்க. உகாண்டா நுழைவில் கேட்பார்கள். அதைவிட முக்கியம் திரும்பும்போது: சான்றிதழ் இல்லாமல் உகாண்டாவிலிருந்து இந்தியாவுக்கு வந்தால் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். மஞ்சள் அட்டையை (அந்தச் சான்றிதழ்தான்) பெட்டிக்குள் போடாமல் பாஸ்போர்ட்டோடு வையுங்கள்.

விசா இணையத்தில். உகாண்டா மட்டும் என்றால் ஒருமுறை நுழைவு விசா போதும். கென்யா அல்லது ருவாண்டாவும் உண்டென்றால் 90 நாள் கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசா, 100 டாலர். டாலர் நோட்டு புதிதாக, மடிப்பில்லாமல் இருக்கட்டும். பழைய வரிசை நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். சிறிய மதிப்பு நோட்டுக்கு மாற்று விகிதமும் குறைவு.

என்டெபி விமான நிலையச் சுங்கத்தில் பைனாகுலர் ஏன் என்று கேட்பதுண்டு. சுற்றுலா நிறுவனத்திடமிருந்து பயணத்திட்டக் கடிதம் ஒன்று அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டிரோன் வேண்டவே வேண்டாம், முன் அனுமதி இல்லாவிட்டால் அங்கேயே நின்றுவிடும்.

வாலாட்டி

மிக்க நன்றி. கேமரா பற்றி யாராவது? 100–400 லென்ஸ் இருக்கிறது. முக்காலி எடுத்து வரலாமா?

முக்குளிப்பான்

முக்காலி சுமை. படகில் இன்ஜின் அதிர்வு முக்காலி வழியே நேராக லென்ஸுக்கு வரும், கையில் பிடிப்பதே மேல். வண்டிக்கு ஜிப் வைத்த வெற்றுத் துணிப்பை ஒன்று கொண்டுபோங்கள், லியான்டோண்டேயில் இரண்டு மூன்று கிலோ பீன்ஸ் விதை வாங்கி நிரப்பி ஜன்னல் விளிம்பில் வையுங்கள். கிளம்பும்போது முகாம் சமையல்காரரிடம் கொடுத்துவிடலாம்.

ஃபின்ஃபுட்டுக்கு ஷட்டர் 1/800-க்குக் கீழே போகாதீர்கள், ஐஎஸ்ஓ 3200 ஆனாலும் பரவாயில்லை. தலையாட்டலும் படகின் ஆட்டமும் சேர்ந்து 1/250-இல் எல்லாப் படமும் கலங்கிவிடும். நிழலுக்குள் கரும்பறவை, பின்னால் மின்னும் நீர். கேமரா தானாக அளந்தால் நீரின் வெளிச்சத்துக்கு ஏமாந்து பறவையை நிழலுருவம் ஆக்கிவிடும். புள்ளி அளவீட்டை (ஸ்பாட் மீட்டரிங்) பறவையின் மேல் வையுங்கள். மீன் கழுகு வந்தால் அது உடனே தலைகீழ்: வெள்ளைத் தலை, இருண்ட மரம். முக்கால் ஸ்டாப் குறைக்காவிட்டால் தலையில் இறகே தெரியாது. இரண்டையும் இரண்டு தனிப் பொத்தானில் முன்பே பதிந்து வைத்தால் படகில் தடுமாற வேண்டாம்.

ஈப்பிடிப்பான்

வண்டி? நாலு பேருக்கு டொயோட்டா ரேவ்4 போதும்னு ஒரு கம்பெனி சொல்லுது.

கூழைக்கடா

ஜூலை உலர்காலம், முக்கியத் தடங்களுக்கு ரேவ்4 ஓடும். மார்ச்–மே, செப்டம்பர்–நவம்பர் மழைக்காலங்களில் தாழ்ந்த சதுப்புப் பள்ளங்களைக் கடக்கும் இடங்களில் மண் களியாகிவிடும். சக்கரப் பல் நிரம்பி வழுக்க ஆரம்பித்தால் நான்கு சக்கர இழுவையும் உதவாது. லேண்ட் குரூசரே நல்லது. எக்காலத்திலும் தடத்தைவிட்டு வண்டியை இறக்கக்கூடாது, அபராதம் உண்டு. நால்வரும் ஜன்னல் பக்கம் கேட்டுச் சண்டை போடாமல் இருக்கத் திறந்துமூடும் கூரை உள்ள வண்டியாகக் கேளுங்கள். ரேவ்4-இல் அது பொதுவாக இருக்காது.

மறுநாள் படகு முடிந்து 10-லிருந்து 2 வரை மீதி இருக்கிறதே, அதற்கு உப்புத்தரைப் பக்கத்துப் பார்வை மேடை. உப்பு நக்க இம்பாலா, டோபி மான், காட்டுப்பன்றி, எருமை எல்லாம் வரும், நீங்கள் தேடிப் போக வேண்டாம். பறவைக் கட்சிக்கு வருகிரி, மிரிட்டி சதுப்புப் பள்ளத்தாக்குகள். செவ்வயிற்று நாரை, சாம்பல் கொண்டைப் பெருங்கொக்கு. பாப்பிரஸ் கோரையில் வாழும் பாப்பிரஸ் கோனோலெக் பறவையின் குரல் கேட்டாலும் கோரைக்குள்ளிருந்து வெளியே வர அது அவசரப்படாது. அதற்காக அரை நாளைத் தொலைக்க வேண்டாம். பிறகு சங்கா வாயில் வழியாக வெளியேறுங்கள், ன்ஷாராவுக்குத் திரும்பாதீர்கள். சங்கா ஊர் 13 கி.மீ.; நெடுஞ்சாலையில் ம்பராரா பக்கம் முன்னேறியே ஏறுவீர்கள். 2 மணிக்கு வெளியேறினால் ப்விண்டிக்கு இருட்டிய பிறகுதான் போய்ச் சேர முடியும், மலைச்சாலை. அன்றிரவு ம்பராராவிலோ கபாலேயிலோ தங்கிவிட்டு மறுநாள் மதியத்துக்குள் ப்விண்டி என்று வைத்தால்தான் இந்த 24 மணிக் கணக்கு சரிவரும். அதற்கு நாள் இல்லையென்றால் காலை 10:30-க்கே கிளம்பிவிடுங்கள்.

வாலாட்டி

கபாலேயில் ஒரு இரவு சேர்த்துவிட்டோம். கடைசியாக ஒன்று: ஷூபில் (செருப்பு மாதிரி அகன்ற அலகுள்ள பெரிய நீர்ப்பறவை) ம்புரோவில் கிடைக்குமா? பட்டியலில் இருக்கிறது.

முக்குளிப்பான்

பட்டியலில் இருக்கும், ஏரியில் இருக்காது. எப்போதாவது ஒன்று தென்படுவதை நம்பித் திட்டம் போட முடியாது. ஷூபிலுக்கு மபாம்பா சதுப்பு. என்டெபியில் இறங்கியதும் ஒரு இரவு அங்கேயே தங்கி, விடிகாலையில் நகிவோகோ துறையிலிருந்து நீர்வழியே மறுகரைக்குப் போய் மபாம்பா. மரப்படகில் மூன்று மணி நேரம். ஷூபில் நுரையீரல் மீனைப் பிடிக்க நீரோடைகளின் ஓரத்தில் சிலைபோல் நிற்கும். ஒரு காலத்தில் அதைப் பார்த்தால் மீன் கிடைக்காது என்று நம்பி மீனவர்கள் கொன்றார்கள், இப்போது அதே மீனவர் குடும்பங்கள்தான் படகோட்டிகள். நீர்மட்டம் குறைந்த வாரங்களில் படகு கோரையில் சிக்கும், அப்போது கூடுதல் ஒரு மணி வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை முன்பே சாலை வழியாக மபாம்பாவுக்கு வரச்சொல்லிவிட்டால், திரும்ப என்டெபிக்கோ கம்பாலாவுக்கோ போக வேண்டியதில்லை. ம்பிகி போய் நேராக மசாகா சாலையைப் பிடிக்கலாம். ஆனால் அன்றைக்கே ம்புரோ வாயிலுக்கு 2:30-க்குப் போக முடியாது. மசாகாவில் தங்கிவிட்டு அடுத்த நாள் காலையில் அந்த 8 கிலோமீட்டர் சாலையைத் தொடங்குங்கள். குக்குறுவானுக்கும் அதுவே நல்ல நேரம்.